பக்கத்தில் வந்து அமர்ந்தவர்



1927ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், கார்ல்ட்டன் என்னும் பெயர்பெற்ற கால்பந்துக் கழகத்திற்கு இருபது வயது இளைஞர் ஒருவர் இடம் தேடி வந்தார். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். ஆனால் ஓட்டத்தில் வல்லவர். பயிற்சி முடிந்தபின் ஆட்டக்காரர்களின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துத் தசைகளைப் பிடித்துவிடுவதற்கென்றே அக்கழகங்களில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் இந்த இளைஞரைத் தொட மறுத்தார்கள். அவர்மேல் நாற்றம் வீசுகிறது என்று காரணம் சொல்லப்பட்டது. அவர் அந்த மண்ணின் பழங்குடி மகன், கறுப்பு நிறத்தவர். கார்ல்ட்டனின் முதன்மை அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அவர் அங்கிருந்து வெளியேறினார்.

இந்தச் செய்தியை விளங்கிக்கொள்ள நமக்கு விளக்கவுரை எதுவும் தேவையில்லை. தொடாதே, தள்ளி நில், நாற்றம் என்னும் சொற்கள் நம்முடைய ஊர்களில் எத்தனை தலைமுறையாகப் புழங்கி வருகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவேதான் கடல் கடந்த ஒரு தேசத்தின், நமக்குச் சற்றும் பழக்கமில்லாத ஓர் ஆட்டத்தை ஆடிய மனிதரின் வரலாற்றை இந்த வாரத் தியானத்திற்கு எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் டக்ளஸ் ரால்ஃப் நிக்கல்ஸ். அந்த இளைஞர் பின்னாளில் புகழ்பெற்ற ஆட்டக்காரரானார், சபைப் போதகரானார், ஒரு மாநிலத்தின் ஆளுநராகவும் ஆனார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்த ஆளுநர் மாளிகையில்தான் கதையை நிறுத்துவார்கள். எனக்கோ அவருடைய வாழ்வில் வேறொரு சிறிய காட்சியே பெரிதாகத் தோன்றுகிறது. அதற்கு வருவேன்.

நிக்கல்ஸ் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மர்ரே ஆற்றங்கரையில் உள்ள கம்மராகுஞ்சா என்னும் பழங்குடியினர் குடியிருப்பில் பிறந்தார். யோர்ட்டா யோர்ட்டா என்பது அவருடைய மக்களின் பெயர். அந்த ஆறும் கரையோரக் காடுகளும் அவர்களுடைய மூதாதையருடையவை. வெள்ளையர் குடியேற்றத்திற்குப் பின் அரசு ஒதுக்கிய ஒரு துண்டு நிலத்திற்குள் அவர்கள் அடங்கி வாழ வேண்டியதாயிற்று. அந்த நிலத்தையும் சில குடும்பங்கள் திருத்திப் பயிரிட்டுப் பலன் காணத் தொடங்கியபோது, அரசு வாரியம் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

அவருக்கு எட்டு வயதாயிருக்கையில் காவலர்கள் அந்தக் குடியிருப்புக்கு வந்து, பதினாறு வயதான அவருடைய அக்காள் ஹில்டாவைப் பலவந்தமாய்க் கொண்டுபோனார்கள். பழங்குடிப் பெண்பிள்ளைகளைக் குடும்பத்தினின்று பிரித்து, வெள்ளையர் வீடுகளில் பணிப்பெண்களாக்கப் பயிற்றுவித்த கூட்டமுண்ட்ரா விடுதிக்கு அவள் அனுப்பப்பட்டாள். இது சட்டப்படி நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். யாரும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளின் நன்மைக்காகவே செய்கிறோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். சில மிஷனரிகளும் அவ்வாறே நம்பினார்கள். திருச்சபையின் வரலாற்றை எழுதும் நாம் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடக் கூடாது.

அந்தக் குடியிருப்பின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் அங்கே நம்மவர் ஒருவரைச் சந்திக்கிறோம். ஆசிரியரின் பெயர் தாமஸ் சாத்ராக் ஜேம்ஸ். 1859இல் மொரீசியஸ் தீவில், இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். கரும்புத் தோட்டக் கூலிகளாகவும் மற்றப் பணிகளுக்காகவும் நம் நாட்டார் ஆயிரக்கணக்கில் அத்தீவுக்குக் கப்பலேறிய காலம் அது. ஜேம்ஸைத் தமிழர் என்றே குறிக்கும் எழுத்துகளும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு வந்த இவர், 1881இல் மெல்போர்னை அடுத்த பிரைட்டன் கடற்கரையில் டேனியல் மேத்யூஸ் என்னும் மிஷனரி நடத்திய கூட்டத்தில் பழங்குடி மக்களின் நிலையைக் கேள்விப்பட்டு, அவர்களுக்குக் கற்பிக்கத் தாமே முன்வந்தார். முதலில் மலோகா மிஷன் நிலையத்திலும், பின்பு கம்மராகுஞ்சாவிலுமாக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்தார். அந்த மக்களுக்குள்ளேயே, வில்லியம் கூப்பர் என்பவரின் சகோதரியான ஏடாவை மணந்துகொண்டார். பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் பெரியவர்களுக்கும் வகுப்பு நடத்தினார். வேதத்தை வாசிக்கவும், விண்ணப்பம் எழுதவும், அவையில் எழுந்து நின்று பேசவும் சொல்லிக்கொடுத்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் உரிமைப் போராட்ட வரலாற்றை எடுத்துப் பாருங்கள்: அதன் முதல் தலைமுறைத் தலைவர்களில் வியப்பூட்டும் அளவுக்குப் பலர் அந்த ஒற்றைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள். வில்லியம் கூப்பர், மார்கரெட் டக்கர், பில் ஓனஸ், நம்முடைய நிக்கல்ஸ் எல்லாரும் அந்த ஆசிரியரின் மாணவர்களே. அக்கினிச் சூளையில் எரியாத சாத்ராக்கின் பெயரைச் சுமந்த இந்த எளிய வாத்தியாரைப் பற்றி நம் சபைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இவரை அறிந்துகொள்வது நல்லது.

நிக்கல்ஸுக்குப் பள்ளி வாழ்வு நீடிக்கவில்லை. பதின்மூன்றாம் வயதில், செம்மறியாட்டுப் பண்ணைகளில் கம்பளி கத்தரிப்போருக்குத் தார் சுமக்கும் பையனாகப் போனார். கத்தரிக்கையில் ஆட்டுக்கு வெட்டுக் காயம் பட்டால் உடனே ஓடிவந்து தார் பூசுவது அந்தப் பையனின் வேலை.

இனி அவர் ஆடிய ஆட்டம். ஆஸ்திரேலியக் கால்பந்து என்பது நம் பாரதி விளையாட்டரங்கில் நீங்கள் காணும் கால்பந்து அன்று. 1859இல் மெல்போர்னில் விதிகள் எழுதப்பட்ட தனி ஆட்டம் அது. கிரிக்கெட் மைதானம் போன்ற முட்டை வடிவத் திடலில், பக்கத்திற்குப் பதினெட்டுப் பேராக, முட்டை வடிவப் பந்தைக் கொண்டு ஆடுவார்கள். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், ஒரு கையில் ஏந்தி மறுகையின் முட்டியால் குத்தித் தோழனுக்கு அனுப்பலாம். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி. ஓரக் கம்பத்திற்கும் நடுக் கம்பத்திற்கும் இடையே சென்றால் ஒரு புள்ளி. நிக்கல்ஸ் ஆடியது பக்கவாட்டு ஓரத்தில், மைதானத்தின் நீளத்திற்கு ஓயாமல் ஓட வேண்டிய இடத்தில்.

கார்ல்ட்டன் தள்ளியபின் அவர் நார்த்கோட் என்னும் கழகத்தில் சேர்ந்தார். அது சற்றுத் தாழ்ந்த நிலைப் போட்டித் தொடரில் ஆடிய அணி. அங்கே அவர் மக்களின் அன்புக்குரியவரானார். 1929இல் நார்த்கோட் வாகை சூடியபோது அந்த அணியில் இருந்தார். அதே ஆண்டில் வாராக்நபீல், நையா ஆகிய ஊர்களில் நடந்த பெரும் பரிசு ஓட்டப்பந்தயங்களிலும் வென்றார். பணமுடை காரணமாகச் சில காலம் ஜிம்மி ஷார்மன் என்பவரின் குத்துச்சண்டைக் கூடாரத்திலும் சேர்ந்தார். ஊர்த் திருவிழாக்களில் கூடாரம் அடித்து, துணிந்தவர் எவரும் எங்கள் ஆளோடு மோதலாம் என்று அழைக்கும் அந்த நாடோடிச் சண்டைக் காட்சியில் பழங்குடி இளைஞர்கள் பலர் அடி வாங்கியும் கொடுத்தும் பிழைத்தார்கள்.

1932இல் ஃபிட்ஸ்ராய் கழகம் அவரை அழைத்தது. இது கார்ல்ட்டனுக்கு நிகரான முதல் நிலை அணி. நான் பெரிதாக எண்ணும் காட்சி இங்கேதான் நடக்கிறது. உடை மாற்றும் அறைக்குள் முதன்முதலாக நுழைந்த நிக்கல்ஸ், ஒரு மூலையில் தனியே போய் அமர்ந்துகொண்டார். ஒருமுறை தள்ளப்பட்டவன் மறுமுறை பிறர் சொல்லும்வரை காத்திருப்பதில்லை. தானாகவே தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்கிறான். ஒடுக்கப்பட்டவர்களின் உள்ளத்தில் அவமானம் செய்யும் வேலை இது. அந்த அணியில் ஹேடன் பன்டன் என்றொரு நட்சத்திர ஆட்டக்காரர் இருந்தார். தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் பிரவுன்லோ பதக்கத்தை 1931, 1932, 1935 என மூன்று முறை பெற்றவர். நகரமே அறிந்த முகம். அவர் மூலையில் இருந்த நிக்கல்ஸைக் கண்டு, அவரிடம் சென்று, தம் பக்கத்தில் இருத்திக்கொண்டார். இருவரும் நண்பர்களானார்கள். அணியின் தலைசிறந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து நாற்றம் என்று சொல்ல அதன்பின் யாருக்கு வாய் வரும்?

பன்டன் எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. கழகத்தின் விதியை மாற்ற மனுப் போடவும் இல்லை. உட்காரும் இடத்தை மட்டும் மாற்றினார்.

உட்காரும் இடம் என்பது நம் திருச்சபையில் அற்பமான காரியமாக ஒருநாளும் இருந்ததில்லை. 1833ஆம் ஆண்டு, கல்கத்தா பேராயராயிருந்த டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஆலயத்தில் தனித்தனியாக உட்காருவதும், திருவிருந்தில் ஒருவர்பின் ஒருவராகச் சாதிப்படி வருவதும் கூடாது என்றார். தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் பலர் என்ன செய்தார்கள்? சக விசுவாசியின் பக்கத்தில் உட்காருவதைவிட ஆலயத்தை விட்டு வெளியேறுவதே மேல் என்று போய்விட்டார்கள். ஆண்டவரின் நாமத்திற்காகச் சிலுவை சுமக்க ஆயத்தமாயிருந்தவர்களுக்கு ஒரு பாயைப் பகிர்ந்துகொள்வது இயலாத காரியமாயிற்று. கார்ல்ட்டனைக் குறைகூற நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த விரலை நீட்டும்போது நம் கை நடுங்க வேண்டும்.

யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதுவதும் இருக்கையைப் பற்றியதுதான். பொன்மோதிரம் அணிந்தவன் வந்தால் நல்ல இடம். கந்தை அணிந்தவன் வந்தால் பாதபடியண்டை. மாற்கு முதலாம் அதிகாரத்தில் குஷ்டரோகி ஆண்டவரிடம் வருகிறபோது நிகழ்வதையும் வாசித்துப் பாருங்கள். நிகழ்ச்சியின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவர் கையை நீட்டித் தொடுகிறார். பிறகுதான் சுத்தமாக்கும் வார்த்தை வருகிறது. சுத்தமானபின் தொட்டிருந்தால் எந்த நியாயசாஸ்திரியும் குறை சொல்லியிருக்க மாட்டான்.

நிக்கல்ஸ் ஃபிட்ஸ்ராய்க்காக 54 ஆட்டங்கள் ஆடினார். 1935இல் விக்டோரியா மாநில அணிக்குத் தெரிவு செய்யப்பட்டார். அவருக்கு முன் அந்த அணியில் எந்தப் பழங்குடி ஆட்டக்காரரும் இடம் பெற்றதில்லை. முழங்கால் காயங்கள் அவருடைய ஆட்ட வாழ்வைக் குறுக்கின. ஆனால் அந்த ஆண்டுகளிலேயே வேறொன்று நிகழ்ந்திருந்தது. தாயார் வளர்த்த விசுவாசத்தைப் பிள்ளைப் பருவத்திற்குப் பின் கைவிட்டிருந்த அவர், 1930களில் நார்த்கோட்டில் இருந்த கிறிஸ்துவின் சபையில் ஆண்டவருக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து ஞானஸ்நானம் பெற்றார். பிரசங்கிக்கவும் தொடங்கினார். ஆட்டக்காரரைப் பார்க்க வந்தவர்கள் சுவிசேஷத்தைக் கேட்டுப் போனார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், அவர் படைக்கு அழைக்கப்பட்டார். மறு ஆண்டே அவரை விடுவித்து அனுப்பும்படி ஒரு வேண்டுகோள் போயிற்று. அனுப்பியவர்கள் ஃபிட்ஸ்ராய் காவல்துறையினர்! நகரின் அந்த ஏழைப் பகுதியில் பழங்குடி மக்கள் திரளாக வந்து குடியேறியிருந்தார்கள். வேலையின்மை, குடி, சூதாட்டம், சிறைவாசம் என்று சீர்குலைந்த குடும்பங்களுக்கு நடுவில் காவலர்களால் செய்ய இயலாததை இவர் செய்வார் என்று அவர்கள் நம்பினார்கள். அவர் அக்காளைத் தூக்கிச் சென்றதும் காவல்துறைதான். இப்போது அவரைத் தேடி வந்ததும் காவல்துறைதான்.

1942 டிசம்பரில் அவர் கிளாடிஸ் அம்மையாரை மணந்தார். அவ்வாண்டு விபத்தில் இறந்த அண்ணன் ஹோவர்டின் மனைவி அவர். மூன்று பிள்ளைகளின் தாய். அந்தப் பிள்ளைகளுக்கும் நிக்கல்ஸ் தகப்பனானார். ஃபிட்ஸ்ராயின் கோர் தெருவில் அவர் நடத்திய கூட்டம் பெருகி, 1943இல் பழங்குடியினருக்கான சபையாக உருவெடுத்தது. அதன் போதகராக அவர் செய்த ஊழியத்தில் பிரசங்க பீடத்தின் பங்கு சிறிதே. நீதிமன்றத்தில் பிணை நிற்பது, இரவில் குடித்து விழுந்தவரைத் தூக்கி வருவது, ஊரிலிருந்து வேலை தேடி வந்த பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் கண்டுபிடிப்பது ஆகியவையே மிகுதி. அப்பெண்களுக்காக விடுதி அமைப்பதில் கிளாடிஸ் அம்மையார் முன்னின்றார். தொட மறுக்கப்பட்டவரின் கைகள், நகரில் மற்ற எவரும் தொட விரும்பாதவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தன.

இவ்வளவோடு நிறுத்தினால் இது நம் சபையாருக்கு மிகவும் பிடித்தமான சாட்சியாக இருக்கும். அவமானப்பட்டார், மன்னித்தார், ஊழியம் செய்தார், ஆமென். ஆனால் வரலாறு அப்படி நிற்கவில்லை, நிறுத்துவது நேர்மையும் ஆகாது. மன்னித்தவர் வாய் மூடி இருக்கவில்லை.

அவருக்கு வழிகாட்டியவர் முன்பே சொன்ன வில்லியம் கூப்பர். உறவில் பாட்டனார் முறை. முதிய வயதில் மெல்போர்னுக்கு வந்து ஆஸ்திரேலியப் பழங்குடியினர் சங்கத்தை நிறுவியவர். தம் மக்களுக்குப் பாராளுமன்றத்தில் ஒரு குரல் வேண்டும் என்று பிரிட்டிஷ் மன்னருக்கு 1,814 கையொப்பங்களோடு மனு எழுதினார். ஆஸ்திரேலிய அரசு அதை மன்னருக்கு அனுப்பவே மறுத்தது. 1938 டிசம்பரில், ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்ட செய்தி கேட்டு, இந்தக் கூப்பரும் தோழர்களும் மெல்போர்னில் இருந்த ஜெர்மன் தூதரகத்திற்குக் கண்டனம் எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். சொந்த நாட்டில் முழு உரிமை இல்லாதவர்கள் அந்நியருக்காக நியாயம் கேட்டார்கள்.

அதே 1938இன் ஜனவரி 26ஆம் நாள், பிரிட்டிஷார் வந்திறங்கிய 150ஆம் ஆண்டு விழாவைத் தேசமெங்கும் கொண்டாடுகையில், பழங்குடித் தலைவர்கள் சிட்னியில் கூடி அதைத் துக்க நாளாக அறிவித்தார்கள். அந்த மேடையில் பேசியவர்களில் நிக்கல்ஸும் ஒருவர். மறு ஆண்டு பிப்ரவரியில், அவர் பிறந்த கம்மராகுஞ்சாவில் உணவுப் பங்கீட்டின் குறைவையும் நிர்வாகத்தின் கொடுமையையும் பொறுக்கமாட்டாமல் இருநூறு பேர் அளவில் குடியிருப்பை விட்டு வெளியேறி, மர்ரே ஆற்றைக் கடந்து விக்டோரியாவுக்குள் சென்றார்கள். யாத்திராகமத்தைக் கேட்டு வளர்ந்த மக்கள் அவர்கள். ஃபிட்ஸ்ராயில் போதகர் சந்தித்த குடும்பங்களில் பல, அவ்வாறு ஊரை இழந்து வந்தவையே.

1957இல் விக்டோரியாவில் பழங்குடியினர் முன்னேற்றச் சங்கம் தொடங்கப்பட்டபோது அவர் அதன் களப்பணியாளரானார். அரசின் பழங்குடியினர் நல வாரியத்திலும் அவருக்கு உறுப்பினர் பதவி கிடைத்தது. பின்பு லேக் டயர்ஸ் என்னும் பழங்குடிக் குடியிருப்பை மூடி மக்களை இடம்பெயர்க்க அரசு முற்பட்டது. 1963இல் அவர் அந்த வாரியப் பதவியை உதறினார். அந்த ஊராரோடு மெல்போர்ன் வீதிகளில் நடந்து பாராளுமன்றத்திற்குச் சென்றார். போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1971இல் லேக் டயர்ஸ் நிலம் அம்மக்களுக்கே உரிமையாக்கப்பட்டது.

லேக் டயர்ஸ் இருப்பது விக்டோரியாவின் கிப்ஸ்லாந்து பகுதியில். அதே கிப்ஸ்லாந்தில்தான் நெய்வேலியைப் போலப் பழுப்பு நிலக்கரி வெட்டி மின்சாரம் எடுக்கும் பள்ளத்தாக்கும் இருக்கிறது. 1920களில் அங்கே யாலோர்ன் என்று ஒரு தொழிலாளர் நகரியத்தை, வரிசை வீடுகளும் மரநிழல் சாலைகளுமாக, மின்வாரியமே கட்டியது. பிற்பாடு நகரியத்திற்கு அடியிலேயே நிலக்கரி இருப்பதால் ஊரையே அகற்றிவிட்டார்கள்; 1980களின் தொடக்கத்தில் யாலோர்ன் இல்லாமற்போயிற்று. இதை வாசிக்கையில் உங்கள் மனத்தில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். நிலத்தை இழப்பது என்றால் என்னவென்று இந்த வட்டாரத்திற்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. நாம் வசிக்கும் வட்டங்கள் எல்லாம் யாரோ ஒருவரின் கொல்லையும் களத்துமேடுமாக இருந்தவை. 2023இல் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சி நாட்டையே பேசவைத்தது. சுரங்கம் நமக்குச் சோறு போடுகிறது. அதை மறுப்பவன் நான் அல்லேன். அந்தச் சோற்றில் யாருடைய வயல் இருக்கிறது என்பதை நினைக்காமல் ஜெபித்து உண்பதுதான் எனக்குக் கூச்சமாயிருக்கிறது.

ஆகவே உங்களிடம் நேராகவே கேட்கிறேன். நம் ஆராதனையில் நிரந்தரப் பணியில் இருப்போரின் குடும்பங்கள் ஒரு பக்கமும், சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளரின் குடும்பங்கள் கடைசி வரிசைகளிலுமாக அமர்வதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? யாரும் அப்படி விதி எழுதி ஒட்டவில்லை. நிக்கல்ஸ் மூலையில் போய் அமர்ந்ததைப் போல அவர்களும் தாமாகவே போய் அமர்கிறார்கள். இரவு ஷிப்டு முடித்துக் கரியும் வியர்வையுமாக நேரே ஆலயத்திற்கு வரும் சகோதரர், தம் உடையின் வாடைக்காக வாசலண்டையே நின்றுகொள்கிறார். ஆராதனை முடிந்தபின் கைகுலுக்கல்கள் எந்த வரிசையோடு நின்றுவிடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கல்யாணப் பேச்சு வரும்போது நம் சபையில் விசாரிக்கப்படும் முதல் கேள்வி எது என்பதையும் எண்ணிப் பாருங்கள். நான் அதை இங்கே எழுத விரும்பவில்லை.

நிக்கல்ஸ் மேடைகளில் அடிக்கடி ஓர் ஒப்புமை சொல்வார். பியானோவில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் கொண்டும் ஒரு மெட்டு வாசிக்கலாம், கறுப்புக் கட்டைகளை மட்டும் கொண்டும் வாசிக்கலாம். ஆனால் இசைவு வேண்டுமானால் இரண்டும் வேண்டும் என்பது அதன் சாரம். இன்று அந்த ஒப்புமை வாழ்த்து அட்டைகளில் அச்சிடத்தக்க இனிப்பாகிவிட்டது. துக்க நாள் மேடையையும் லேக் டயர்ஸ் ஊர்வலத்தையும் மறந்துவிட்டு அதைச் சொல்பவர்கள் அவருக்கு நியாயம் செய்வதில்லை. அவர் காலத்திலேயே, 1960களின் இறுதியில், இளைய தலைமுறைச் செயற்பாட்டாளர்கள் அவரை மிதவாதி என்று குறைகூறினார்கள். வெள்ளையரோடு கைகோத்து நடப்பது போதாது, எங்கள் இயக்கத்தை நாங்களே நடத்த வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இரு பக்கமும் பேச்சு வாங்குவது சமாதானம் பண்ணுகிறவர்களின் பங்கு போலும்.

1967 மே 27ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. பழங்குடியினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும், அவர்களுக்காகச் சட்டம் இயற்ற மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கவும் அரசியல் சட்டத்தைத் திருத்தலாமா என்பது கேள்வி. வாக்களித்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆம் என்றார்கள். அந்த வாக்கெடுப்புக்காக ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் பேசியவர்களில் போதகர் நிக்கல்ஸும் ஒருவர். 1972இல் அவருக்குச் சர் பட்டம் அளிக்கப்பட்டது. பழங்குடியினரில் அதைப் பெற்ற முதல்வர் அவரே. 1976 டிசம்பர் 1ஆம் நாள் அவர் தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். அதற்கு முன் எந்தப் பழங்குடி மனிதரும் எந்த மாநிலத்திற்கும் ஆளுநரானதில்லை. சில வாரங்களுக்குள் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. 1977 மார்ச்சில் எலிசபெத் அரசியார் அங்கு வந்தபோது உடல்நலிவோடேயே எழுந்து வரவேற்றார். ஏப்ரல் 30ஆம் நாள் பதவியை விட்டு இறங்கினார். ஐந்தே மாதங்கள்.

கிளாடிஸ் அம்மையார் 1981இல் இறந்தார். நிக்கல்ஸ் 1988ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் மறைந்தார். அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. மெல்போர்னின் பாராளுமன்றப் பூங்காவில் இன்று கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே சிலை நிற்கிறது. ஆஸ்திரேலியக் கால்பந்துத் தொடரில் ஆண்டுதோறும் ஒரு சுற்று ஆட்டம் பழங்குடி ஆட்டக்காரர்களைக் கனம்பண்ணும் வகையில் நடக்கிறது. 2016 முதல் அது சர் டக் நிக்கல்ஸின் பெயரைத் தாங்குகிறது. அந்த வாரம் எல்லா அணிகளும் பழங்குடி ஓவியங்கள் தீட்டிய சட்டைகளை அணிந்து களம் இறங்கும். கார்ல்ட்டன் அணியும்தான்.

அவருடைய உடலை மாநகரத்தில் அடக்கம் செய்யவில்லை. மர்ரே ஆற்றங்கரைக்கு, அக்காள் ஹில்டாவைக் காவலர்கள் கொண்டுபோன அந்தக் கம்மராகுஞ்சாவுக்கே எடுத்துச் சென்று, அவருடைய மக்களின் நடுவில் அடக்கம் செய்தார்கள்.